கையெழுத்து போடாதவர்: வில்லியம் டெமாஸும் காரிகாமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1973 ஜூலை 4 அன்று ட்ரினிடாட் தீவின் வடமேற்கு முனையிலுள்ள சாகுவாரமஸில் நான்கு பிரதமர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பார்படாஸின் எரல் பாரோ, கயானாவின் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம், ஜமைக்காவின் மைக்கேல் மான்லி, ட்ரினிடாட்-டொபாகோவின் எரிக் வில்லியம்ஸ். காரிகாம் என்று இன்று சொல்லப்படும் கரீபியச் சமூகம் அப்படித்தான் பிறந்தது. ஜூலை 4, மைக்கேல் மான்லியின் தந்தை நார்மன் மான்லியின் பிறந்தநாள். சாகுவாரமஸோ ஒரு காலத்தில், பிரிட்டிஷ் கரீபியத் தீவுகள் சேர்ந்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சிக்குத் தலைநகராகக் குறிக்கப்பட்ட இடம். அமெரிக்கக் கடற்படைத் தளம் அங்கே உட்கார்ந்திருந்ததால் அது நடக்கவில்லை. அப்புறம் அந்தக் கூட்டாட்சியே இல்லாமல் போனது. அதைச் சாய்த்த 1961 வாக்கெடுப்பை நடத்தியவரும் இதே நார்மன் மான்லிதான். கூட்டாட்சியில் இருப்போம் என்று அவர் பிரசாரம் செய்தார்; வேண்டாம் என்று ஜமைக்கா மக்கள் வாக்களித்தார்கள்.

ஒப்பந்தத்தில் பெயர் போடாத, ஆனால் அதன் கணக்குகளையும் விதிகளையும் வருடக்கணக்கில் கட்டி எழுப்பிய ஒருவர் உண்டு. இந்த நாடுகளின் பொதுச் செயலகத்துக்குத் தலைமைச் செயலாளர் வில்லியம் டெமாஸ். அப்போது அவருக்கு வயது 43. பொருளாதார நிபுணர், அரசு ஊழியர். வாழ்நாளில் எந்தத் தேர்தலிலும் மக்கள் ஓட்டால் பதவிக்கு வந்தவரில்லை. பத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு நாடுகளை ஒன்றாகக் கட்டும் வேலையில் இப்படிப்பட்ட ஓர் அதிகாரி எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்? டெமாஸின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு படித்தால்தான் அது சுவாரஸ்யமாகிறது. வெறும் பதவிப் பட்டியலாகப் படித்தால் நாலு வரியில் முடிந்துவிடும்.

சிறிய நாடு என்ற சிக்கல்

1929-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர் டெமாஸ். அங்கே குயின்ஸ் ராயல் கல்லூரி, அப்புறம் கேம்பிரிட்ஜின் இமானுவேல் கல்லூரி. காலனிகளில் பிறந்த கெட்டிக்கார மாணவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே ஏணி அதுதான். 1950-களின் கடைசியில் லண்டனிலிருந்த மேற்கிந்திய ஆணையத்தில் கொஞ்ச காலம் வேலை. 1959-ல் ஊர் திரும்பி ட்ரினிடாட் அரசின் பொருளாதாரத் திட்டப் பிரிவுக்குத் தலைவரானார். ஐந்தாண்டுத் திட்டங்கள் அவர் மேஜையில் தயாராயின. பிற்பாடு திட்டத் துறையின் நிரந்தரச் செயலாளர், பிரதமர் எரிக் வில்லியம்ஸின் பொருளாதார ஆலோசகர்.

நம் கல்லூரிகளில் பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஆர்தர் லூயிஸ் பெயர் தெரிந்திருக்கும். விவசாயத்தில் தேங்கிக் கிடக்கும் உபரி உழைப்பு தொழில்துறைக்கு நகர்வதைப் பற்றிய மாதிரியை வகுத்தவர், செயின்ட் லூசியா தீவுக்காரர், 1979-ல் நோபல் பரிசு பெற்றவர். டெமாஸ் பெயரை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் 1965-ல் நூலாக வந்த அவருடைய மெக்கில் பல்கலைக்கழக உரைகள், லூயிஸ் அதிகம் தொடாத ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டன. ஒரு நாடு சிறியதாக இருப்பதே அதன் வளர்ச்சிப் பாதையை மாற்றிவிடுமா என்பதுதான் அது.

சிறிய நாடு எது என்பதற்கு அவர் ஓர் அளவுகோல் வைத்தார்: மக்கள்தொகை 50 லட்சமோ அதற்குக் கீழோ, பயன்படுத்தக்கூடிய நிலம் 10,000 முதல் 20,000 சதுர மைல் வரை அல்லது அதைவிடக் குறைவு. இந்தியாவோ பிரேசிலோ இரும்பாலை கட்டினால் அந்த இரும்பை வாங்க உள்நாட்டிலேயே ஆள் உண்டு. இறக்குமதியைக் குறைத்து உள்ளூரிலேயே செய்துகொள்ளும் கொள்கை அங்கே ஓரளவு தாக்குப்பிடிக்கும். பத்து லட்சம் பேர்கூட இல்லாத ட்ரினிடாட்டில் அது முடியாது. தொழிற்சாலை லாபம் பார்க்கும் அளவுக்கு ஓடுவதற்குள் வாங்க ஆள் தீர்ந்துவிடும். மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, வெளியுலகுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டும். இல்லையென்றால் அக்கம்பக்கத்து நாடுகளோடு சேர்ந்து சந்தையைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவதைக் கைவிடாமலே இரண்டாவதற்காக டெமாஸ் தன் மீதி வாழ்நாளைக் கொடுத்தார்.

அக்கம்பக்கம் என்றாலும் தூரம் கொஞ்சநஞ்சமில்லை. கிங்ஸ்டனிலிருந்து போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர், நடுவில் முழுக்கக் கடல். 1970 வாக்கில் ஜமைக்காவில் 19 லட்சம் பேரிருந்தால் மான்செராட்டில் சுமார் 12,000 பேர்தான். ஒரே ஆங்கிலம், ஒரே மாதிரிச் சட்டம், ஒரே கிரிக்கெட் அணி, ஒரே பல்கலைக்கழகம். அதே சமயம் ஒவ்வொரு தீவுக்கும் அடுத்த தீவின் மேல் ஒரு சந்தேகம்.

கூட்டாட்சியின் சாம்பலில்

1958 ஜனவரியில் பத்துத் தீவுப் பகுதிகளோடு தொடங்கிய மேற்கிந்தியக் கூட்டாட்சி 1962 மே மாத இறுதியில் கலைக்கப்பட்டது. 1961 செப்டம்பர் வாக்கெடுப்பில் ஜமைக்கா விலகியதும், பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம் என்று எரிக் வில்லியம்ஸ் ஒரு கணக்குப் போட்டார். கணக்கு வாத்தியார் அடிப்பார் என்றாலும் அரசியலில் அது சரியாகவே இருந்தது. ட்ரினிடாட்டும் வெளியேறியது. கிரிக்கெட் அணியையும் பல்கலைக்கழகத்தையும் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 1975-ல் கிளைவ் லாயிட் தலைமையில் முதல் உலகக் கோப்பையை வென்ற ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்ற பெயரில் நாடு எதுவும் கிடையாது என்பது நம்மில் பலருக்கு ரொம்ப நாள் கழித்துத்தானே தெரிந்தது.

இந்தத் தோல்வியிலிருந்து தலைவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அரசியலைத் தொடாதே, வியாபாரத்தில் ஆரம்பி. 1965 டிசம்பரில் ஆன்டிகுவாவின் டிக்கன்சன் விரிகுடாவில் ஆன்டிகுவா, பார்படாஸ், பிரிட்டிஷ் கயானா மூன்றும் தடையற்ற வணிகப் பகுதி ஒன்றுக்குக் கையெழுத்திட்டன. அதுவே விரிந்து 1968 மே 1-ல் காரிஃப்டா என்று நடைமுறைக்கு வந்தது. ட்ரினிடாட் முதல் நாளே சேர்ந்தது. ஆகஸ்டில் ஜமைக்கா வந்தது. 1971-ல் இன்றைய பெலிஸ். செயலகம் கயானாவின் ஜார்ஜ்டவுனில் அமைந்தது.

காரிஃப்டா தொடங்குவதற்கு முந்தைய வருடமே ஹேவ்லாக் ப்ரூஸ்டர், க்ளைவ் தாமஸ் என்ற இரண்டு கயானாப் பொருளாதார நிபுணர்கள் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்துக்காக ஓர் ஆய்வு எழுதியிருந்தார்கள். வரியைக் குறைத்து வணிகம் செய்தால் மட்டும் போதாது, உற்பத்தியையே ஒருங்கிணைக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். கயானாவின் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவும் ட்ரினிடாட்டின் எரிவாயுவும் ஒரே திட்டத்தில் சேர வேண்டும், எந்தத் தொழில் எந்தத் தீவில் என்று கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது அந்த வழி. டெமாஸுக்கு இந்த வாதத்தில் பெரிய மறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய சொந்தக் கோட்பாடே அந்தத் திசையில்தான் போகிறது. ஆனால் தலைவர்கள் எதற்குச் சம்மதிப்பார்கள் என்பது திட்டத் துறையில் பத்து வருடம் இருந்தவருக்குத் தெரியாதா? முதலில் வணிகம், அப்புறம் பொதுச்சந்தை, பிறகு மற்றவை என்று படிப்படியாகப் போகத் தீர்மானித்தார்.

ஜார்ஜ்டவுன்: விதிகளின் காலம்

காரிஃப்டா தொடங்கி இரண்டு வருடம் ஆவதற்குள் டெமாஸ் செயலகத்துக்குத் தலைவராகிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பதவி. உள்ளே அவர் கையிலிருந்தது அறிக்கை எழுதும் உரிமையும் கூட்டம் கூட்டும் வேலையும்தான். உத்தரவு போட முடியாது, வரி விதிக்க முடியாது, ஒப்பந்தத்தை மீறும் நாட்டைத் தண்டிக்கவும் முடியாது. எல்லா முக்கிய முடிவும் ஒருமனதாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுது பார்க்க எல்லா வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்று சங்க விதி இருந்தால், சங்கச் செயலாளரின் பாடு எப்படியோ அப்படி.

இங்கே ஒரு விதியைக் கிட்டத்தில் பார்க்கலாம். தடையற்ற வணிகம் என்றால் உறுப்பு நாட்டில் தயாரான சரக்குக்குச் சுங்க வரி கிடையாது. எது ‘உறுப்பு நாட்டில் தயாரானது’? ட்ரினிடாட்டில் தைத்த ஒரு சட்டை பார்படாஸுக்கு 10 டாலர் விலையில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். துணி வெளிநாட்டுத் துணி, பொத்தான் வெளிநாட்டுப் பொத்தான். காரிஃப்டா விதிப்படி ஏற்றுமதி விலையில் குறைந்தது 50 சதவீதம் இந்தப் பகுதிக்குள் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த பொருளின் மதிப்பு 5 டாலரைத் தாண்டினால் சலுகை போச்சு. இதோடு அடிப்படை மூலப்பொருள் பட்டியல் என்று ஒன்றும் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள பொருள் எங்கிருந்து வந்திருந்தாலும் உள்ளூர்ப் பொருளாகவே கணக்கில் சேரும். ஆக, துணி பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்ற ஒரு வரியில் ஒரு தையல் ஆலையின் தலையெழுத்து தொங்கியது.

கல்விமான்கள் பலருக்கு இந்தப் பட்டியல் அறவே பிடிக்கவில்லை. லாயிட் பெஸ்ட் போன்றவர்கள் உருவாக்கிய நியூ வேர்ல்ட் குழுவின் விமர்சனம் காட்டமானது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே முடுக்கி ஒட்டி, உள்ளூர் முத்திரை குத்தி, பத்துத் தீவிலும் வரியில்லாமல் விற்றுக்கொள்ளத்தான் காரிஃப்டா உதவுகிறது என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. பட்டியலைச் சுருக்கியிருந்தால் அன்றைக்கு இருந்த ஆலைகளில் பல சலுகைக்கு வெளியே விழுந்திருக்கும், வணிகமே தொடங்கியிருக்காது. டெமாஸ் தொடங்குவதைத் தேர்ந்தெடுத்தார். அது தப்பில்லை என்றே நினைக்கிறேன். தொடங்கிய பிறகு இறுக்குவதற்கு அவர் கையில் கருவி இல்லாமல் போனதுதான் கோளாறு.

இன்னொரு தலைவலி சிறிய தீவுகள். பிராந்திய வணிகம் சட்டென்று வளர்ந்தது உண்மை. ஆனால் விற்றவர்கள் பெரும்பாலும் ட்ரினிடாட், ஜமைக்கா, அப்புறம் பார்படாஸ். டொமினிக்காவிடமும் செயின்ட் வின்சென்ட்டிடமும் விற்க ஆலைச் சரக்கு கிடையாது. முன்பு இங்கிலாந்திலிருந்து மலிவாக வந்த சாமானை இப்போது ட்ரினிடாட்டிடமிருந்து கூடுதல் விலைக்கு வாங்குகிறோம், இதில் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார்கள். பதிலாக வேளாண் சந்தை நெறிமுறை ஒன்று இருந்தது. கேரட், தக்காளி, துவரை, முட்டை, கோழியிறைச்சி போன்ற பொருள்களை வெளியிலிருந்து இறக்குமதி செய்வதற்கு முன், பிராந்தியத்துக்குள் உபரி இருக்கிறதா என்று பார்த்து முதலில் அங்கே வாங்க வேண்டும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. உபரி இருந்தால்தானே வாங்க? சின்னத் தீவு விவசாயி துவரையை விளைவித்தாலும் அதை ஏற்றிச் செல்லும் கப்பல் சொன்ன நாளில் வர வேண்டும். கப்பல், குளிர்பதனம், கடன் எதுவும் இல்லாமல் விதி மட்டும் இருந்து என்ன பயன்?

இந்தக் குறைகளை வைத்துத்தான் டெமாஸின் செயலகம் அடுத்த கட்டத்தை வரைந்தது. காரிஃப்டாவிலிருந்து சமூகத்துக்கு ஏன் போக வேண்டும் என்பதைச் சாதாரண வாசகரும் படிக்கிற மாதிரி 1972-ல் ஓர் ஆவணமாக வெளியிட்டார்கள். வெளியாருக்குப் பொதுவான சுங்கத் தீர்வை, தொழில்களுக்குத் தரும் வரிச்சலுகைகளில் ஒரே அளவு, சிறிய தீவுகளுக்குக் கூடுதல் அவகாசம், அவற்றுக்கு முதலீடு செய்ய ஒரு முதலீட்டுக் கழகம். இதெல்லாம் அதில் வருகின்றன.

ஆவணம் மட்டும் இருந்திருந்தால் அலமாரியில் தூங்கியிருக்கும். நேரம் கைகொடுத்தது. 1973 ஜனவரி 1-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. கரீபியச் சர்க்கரைக்கும் வாழைப்பழத்துக்கும் பிரிட்டிஷ் சந்தை கொடுத்துவந்த தனிச்சலுகை இனி பிரஸ்ஸல்ஸில் பேசி வாங்க வேண்டியதாகிவிட்டது. காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தம் 1974-ன் முடிவோடு தீர்கிறது. தனித்தனியாகப் போனால் யார் மதிப்பார்கள்? ஒரு நிபுணர் பத்து வருடமாகச் சொன்னதை ஒரு காலக்கெடு பத்தே மாதத்தில் எல்லோருக்கும் புரியவைத்தது. 1972 அக்டோபரில் சாகுவாரமஸில் தலைவர்கள் கொள்கையளவில் ஒப்புக்கொண்டார்கள். 1973 ஏப்ரலில் ஜார்ஜ்டவுனில் உடன்பாடு. அதில் ஆன்டிகுவாவும் மான்செராட்டும் உடனே கையெழுத்திடவில்லை. ஜூலையில் நால்வர் ஒப்பந்தம், ஆகஸ்ட் 1 முதல் அமல். மற்ற தீவுகள் 1974-ல் வந்து சேர்ந்தன.

ஒப்பந்தத்தின் கட்டமைப்பு சாமர்த்தியமானது. ‘சமூகம்’ வேறு, ‘பொதுச்சந்தை’ வேறு. சந்தை பற்றிய பகுதியைத் தனி இணைப்பாக வைத்தார்கள். வெளியுறவில் ஒருங்கிணைவதும் கல்வி, சுகாதாரம், வானிலை போன்றவற்றில் ஒத்துழைப்பதும் சமூகத்தின் வேலை. சந்தையில் சேர மனமில்லாத நாடும் சமூகத்தில் உறுப்பினராக இருக்கலாம். சுங்க வரியை நம்பியிருந்த பஹாமாஸ் 1983-ல் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆளில்லாத நேரத்தில் வாசலைத் திறந்து வைத்தது நல்ல நிர்வாகம். ஆனால் ஒருமனதாக முடிவெடுக்கும் விதி அப்படியே இருந்தது. அதைத் தொட்டிருந்தால் நான்கு கையெழுத்தில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

பிரிட்ஜ்டவுன்: பணம் இருந்த இடம்

1974-ல் டெமாஸ் செயலகப் பொறுப்பை கிரெனடாக்காரரான அலிஸ்டர் மெக்கின்டயரிடம் ஒப்படைத்துவிட்டு, கரீபிய வளர்ச்சி வங்கியின் தலைவராக பார்படாஸுக்குப் போனார். 1970-ல் இயங்கத் தொடங்கிய அந்த வங்கிக்கு முதல் தலைவர் ஆர்தர் லூயிஸ். அவர் 1973-ல் பிரின்ஸ்டனுக்குத் திரும்பியபின் வந்தவர் இவர். 1988 வரை, 14 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார்.

என் கணிப்பில் டெமாஸ் அதிகம் சாதித்தது இங்கேதான். செயலகத்தில் அவரிடம் இருந்தது வாதம். வங்கியில் கடன் கொடுக்கும் அதிகாரம் இருந்தது, அதைக் காக்கும் சாசனமும் இருந்தது. துறைமுகம், சாலை, விவசாயக் கடன், மாணவர் கடன் என்று பணம் போயிற்று. சிறிய தீவுகளுக்கு முன்னுரிமை. வேளாண் நெறிமுறை மட்டும் போட்டால் துவரை கப்பலேறாது என்று ஜார்ஜ்டவுனில் தெரிந்துகொண்டவர், கப்பல் நிற்கும் படகுத்துறைக்கே கடன் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

அவர் விட்டுவந்த காரிகாமின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. 1973-74 எண்ணெய் விலையேற்றம் ட்ரினிடாட்டைப் பணக்கார நாடாக்கியது. ஜமைக்காவையும் கயானாவையும் அந்நியச் செலாவணிக்கு அலைய வைத்தது. ட்ரினிடாட், ஜமைக்கா, கயானா மூன்றும் சேர்ந்து அலுமினிய உருக்காலை கட்டுவோம் என்று 1974-ல் பேசின. உற்பத்தி ஒருங்கிணைப்பு வேண்டும் என்று ப்ரூஸ்டரும் தாமஸும் எழுதினார்களே, கிட்டத்தட்ட அதே கனவு. ஜமைக்கா வெனிசுவேலாவோடும் மெக்சிகோவோடும் தனியாகப் பேசுவது கண்டு கொதித்துப்போன எரிக் வில்லியம்ஸ் மறு வருடமே விலகிக்கொண்டார். 1977-ல் ஜமைக்காவும் கயானாவும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டன. சக உறுப்பினர் சரக்கும் அதில் அடிபட்டது. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வணிகப் பாக்கியைக் கடனில் தீர்த்துக்கொள்ள அதே வருடம் தொடங்கிய பலதரப்புக் கணக்குத் தீர்ப்பு வசதி 1983-ல் 10 கோடி அமெரிக்க டாலர் வரம்பை முட்டி நின்றுபோனது. கயானா கட்ட முடியாத கடனால் அதிகம் அடிபட்டது பார்படாஸ். தலைவர்கள் மாநாடோ 1975 டிசம்பருக்குப் பிறகு 1982 நவம்பர் வரை கூடவே இல்லை. ஏழு வருடம்! ஒருமனதாக முடிவெடுக்க வேண்டியவர்கள் ஒரே அறையில்கூட உட்காரவில்லை.

அந்த இருண்ட காலத்தில் என்ன செய்வதென்று கேட்க மறுபடி டெமாஸைத்தான் கூப்பிட்டார்கள். அவர் தலைமையிலான கரீபிய நிபுணர் குழு 1981-ல் அறிக்கை கொடுத்தது. மறு வருடம் ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் மாநாடு கூடியதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம்.

வங்கிக்கு வந்த பெரிய சோதனையும் 1981-ல்தான். அமெரிக்கா அடிப்படைத் தேவைகளுக்கென்று 40 லட்சம் டாலர் மானியம் தர முன்வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: அதில் கிரெனடாவுக்குப் பங்கு போகக்கூடாது. 1979-ல் மாரிஸ் பிஷப் அங்கே ஆட்சியைப் பிடித்ததும், கியூபாவோடு நெருங்கியதும் ரீகன் அரசுக்குப் பிடிக்கவில்லை. உறுப்பினர் ஒருவரை அரசியலுக்காக ஒதுக்குவது வங்கிச் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லி இயக்குநர் குழு ஒருமனதாக அந்தப் பணத்தை மறுத்தது. கவனியுங்கள், மேஜையைச் சுற்றி இருந்த அரசுகளில் பல பிஷப்பை வெறுத்தவை. 1983 அக்டோபரில் அமெரிக்கப் படை கிரெனடாவில் இறங்கியபோது ஜமைக்கா, பார்படாஸ், கிழக்குக் கரீபியத் தீவுகள் சில அதில் கூடவே போயின. ட்ரினிடாட்டும் கயானாவும் எதிர்த்தன. இப்படிப் பிளந்து கிடந்த அதே நாடுகள்தான் இரண்டு வருடம் முன்பு வங்கியில் ஒன்றாக நின்றன. ஏழை நாடுகளின் வங்கிக்கு 40 லட்சம் டாலரை வேண்டாம் என்பது சாதாரண விஷயமில்லை. காரிகாம் ஒப்பந்தத்தில் இல்லாத ஏதோ ஒன்று வங்கிச் சாசனத்தில் இருந்திருக்கிறது. சாசனத்தை மதிக்காவிட்டால் கடன் தருபவர் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற பயமும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். எப்படியோ, வங்கி நின்றது.

1988 முதல் 1992 வரை ட்ரினிடாட் மத்திய வங்கி ஆளுநர் பதவி. எண்ணெய் விலை 1986-ல் சரிந்தபின் நாடு சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைக்குள் போய்விட்ட காலம் அது. 1990 ஜூலையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வேறு. ஒருங்கிணைப்பின் கதையில் இந்த வருடங்களுக்குப் பெரிய இடமில்லை. ஒன்று மட்டும்: சொந்த நாட்டின் பணக் கொள்கையை வாஷிங்டனில் போய்ப் பேசி வாங்க வேண்டியிருக்கும் சிறிய நாட்டின் ‘இறையாண்மை’ எவ்வளவு கனமானது என்று அவர் உள்ளேயிருந்தே பார்த்தார்.

அரசியலுக்குத் திரும்புதல்

வாழ்நாள் முழுக்க வணிகத்தின் வழியே ஒன்றுசேரலாம் என்ற பாதையில் நடந்த பொருளாதார நிபுணர், கடைசிக் காலத்தில் வெளிப்படையாக அரசியல் ஐக்கியம் கேட்டு எழுதவும் பேசவும் ஆரம்பித்தார். 1987-ல் செயின்ட் வின்சென்ட் பிரதமர் ஜேம்ஸ் மிட்செல் கிழக்குக் கரீபியத் தீவுகள் ஒரே நாடாக வேண்டும் என்று சொன்னபோது, விடாதீர்கள், இதுதான் தருணம் என்று டெமாஸ் ஆதரித்துப் பேசினார். 1990-ல் இன்னும் கடுமையாக, மேற்கிந்திய மக்கள் பிழைத்திருப்பதே அரசியல் ஒன்றிணைப்பில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். ஐரோப்பா ஒற்றைச் சந்தைக்குத் தயாராகிறது, வட அமெரிக்கா ஒன்றுகூடுகிறது, தனித்தனித் தீவுகளின் கொடியும் தேசிய கீதமும் எந்தப் பேச்சுவார்த்தையிலும் எடைபோடாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை மனமாற்றம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 1965 நூலிலேயே, சந்தையின் அளவு என்ற கேள்வி தேசத்தின் அளவு என்ற கேள்விக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. கூட்டாட்சி உடைந்த புண் ஆறாத காலத்தில் அவர் அதை உரக்கச் சொல்லவில்லை. தலைமைச் செயலாளர் நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லவும் முடியாது.

1989-ல் கிரெனடாவின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் கூடிய தலைவர்கள் மேற்கிந்திய ஆணையம் என்ற ஆய்வுக் குழுவை அமைத்தார்கள் (பழைய லண்டன் ஆணையம் வேறு). தலைவர் கயானாவின் ஸ்ரீதத் ராம்பால், துணைத் தலைவர் மெக்கின்டயர்; டெமாஸ் உறுப்பினர்களில் ஒருவர். ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டு 1992-ல் அறிக்கை தந்தார்கள். அதன் மையப் பரிந்துரை, நிறைவேற்று அதிகாரம் கொண்ட மூன்று பேர் காரிகாம் ஆணையம். தலைவர்கள் எடுத்த முடிவை நடைமுறைப்படுத்துவதே அதன் வேலை. செயலகத்தில் இருந்தபோது டெமாஸுக்கு இல்லாமல் போன கருவி எது என்று கேட்டால் அதுதான்.

1992 அக்டோபரில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடிய தலைவர்கள் அந்த ஆணையத்தை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, தங்களிலேயே மூன்று தலைவர்கள் சுழற்சியில் இருக்கும் ஒரு பணியகத்தை வைத்துக்கொண்டார்கள். அதிகாரம் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். காரிகாம் தன் உயரிய விருதை முதன்முதலாக வழங்கியதும் அதே 1992-ல்தான். பெற்றவர்கள் மூவர்: கவிஞர் டெரெக் வால்காட், ராம்பால், டெமாஸ். மாலை போட்டார்கள், ஆலோசனையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஊர் ஆணைய அறிக்கைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

டெமாஸ் 1998 நவம்பரில் காலமானார். வளர்ச்சி வங்கி அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவு நடத்திவருகிறது.

என்ன மிஞ்சியது

அவர் இல்லாத காலத்தில் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டது. 2001 ஜூலையில் நசாவில் கையெழுத்தானது. 2005-ல் கரீபிய நீதிமன்றம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தொடங்கியது. ஒப்பந்தத்தை மீறும் அரசின் மேல் வழக்குப் போட இப்போது ஓர் இடம் உண்டு. இதுவும் 1992 ஆணையம் கேட்டதுதான், வந்துசேரப் பதின்மூன்று வருடமாயிற்று. 2006-ல் ஒற்றைச் சந்தை. அதற்கடுத்த ஒற்றைப் பொருளாதாரம் 2015-ல் வரவேண்டியது, வரவில்லை.

டெமாஸ் தோற்றார் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதிகாரியால் முடிந்ததை அவர் ஏறக்குறைய முழுதாகச் செய்தார்: அளவுகோல், விதி, காலக்கெடு, வங்கி. அரசியல்வாதியால் மட்டுமே முடிந்ததை அரசியல்வாதிகள் செய்யவில்லை. ஆனால் அவர் மேல் ஒரு விமர்சனம் நிற்கத்தான் செய்கிறது. ஒருமனது விதியைப் பற்றி 1990-ல் பேசிய அளவுக்கு 1972-ல் பேசியிருக்கலாம். பிரிட்டன் ஐரோப்பாவோடு சேர்ந்துவிடும் என்ற பயத்தில் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு வருடத்தில், குறைந்தபட்சம் சில சின்ன விஷயங்களிலாவது பெரும்பான்மை போதும் என்று எழுதி வைத்திருக்க முடியுமா என்று யாராவது முயன்று பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அப்படி ஒரு பயம் தலைவர்களுக்கு வரவேயில்லை.

விதி இப்போது வேறு பக்கத்திலிருந்து தளர்கிறது. எல்லோரும் சம்மதிக்கும்வரை காத்திராமல், குறைந்தது மூன்று உறுப்பு நாடுகள் விரும்பினால் தங்களுக்குள் முன்னே போகலாம் என்று 2022-ல் ஒரு நெறிமுறை வந்தது. அதன் வழியே 2025 அக்டோபர் 1 முதல் பார்படாஸ், பெலிஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் நான்கும் தங்கள் குடிமக்களுக்கு முழு நடமாட்ட உரிமை கொடுத்திருக்கின்றன. நால்வரில் எந்த நாட்டுக்காரரும் மற்ற மூன்றில் போய் வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்க்கலாம், காலவரம்பில்லாமல் தங்கலாம். அங்கே அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கலாம். அவசரச் சிகிச்சையும் ஆரம்பச் சுகாதாரச் சேவையும் கிடைக்கும். முழு உறுப்பினர்களில் மற்ற 11 நாடுகள் இன்னும் இதில் சேரவில்லை.